காயலான் கடைப் பூநாரை

"டீச்சர், நாரை செத்துப்போச்சு" என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து சொன்னாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து பள்ளி திறந்த முதல் நாள் அது. போய்ப் பார்த்தோம். சைக்கிள் பாகங்களால் நாங்கள் செய்து தோட்டத்தில் நிறுத்தியிருந்த பூநாரை முகங்குப்புறக் கிடந்தது. கழுத்துக்கும் உடலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கால்கள் மட்டும் முட்டி போன்ற இடத்தில் முறிந்திருந்தன. கீழ்ப்பாதி மண்ணில் அப்படியே நின்றது.

காற்று தள்ளிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். முறிந்த இடத்தை உற்றுப் பார்த்த பிறகு வேறு காரணம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழைய இரும்பையும் வண்ணக் கண்ணாடியையும் வைத்துத் தோட்டச் சிற்பம் செய்யலாம் என்று நினைக்கும் ஆசிரியர்கள், குறிப்பாகக் கடலோரப் பள்ளிகளில் இருப்பவர்கள், நாங்கள் செய்த தவறுகளைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

எங்கள் பள்ளி பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இது. தோணிரேவு போன்ற மீனவ ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். சென்னையிலிருந்து ஆட்கள் காரில் வந்து அவற்றைப் படமெடுத்துப் போவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ அது தினம் பார்க்கும் பறவை. வரையச் சொன்னால் மயிலை வரைவார்கள். அந்த வருத்தத்தில்தான் சுற்றுச்சூழல் மன்றத்தில் 'நம்ம ஊர்ப் பறவையைச் செய்வோம்' என்று தொடங்கினேன்.

நம் நாட்டில் இந்த வேலைக்குப் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. நேக் சந்த். 1924-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்து இந்தியா வந்தார். சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர் வேலை. லெ கொர்பூசியே திட்டமிட்ட புது நகரத்துக்காகப் பல பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். இடிபாடுகளில் கிடந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டு, சைக்கிள் பாகம் எல்லாவற்றையும் அவர் தன் சைக்கிளில் ஏற்றி, சுக்னா ஏரிக்குப் பக்கத்திலிருந்த காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1957 வாக்கில் தொடங்கிய வேலை, பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் நடந்தது. நிலம் அரசுடையது, அனுமதியும் கிடையாது. 1970-களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். அதற்குப் பதிலாக 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளர்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ வந்தது. 2015-ல் அவர் காலமானார். இன்றைக்கும் சண்டிகர் பாறைத் தோட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வருகிறது.

அந்தத் தோட்டத்து உருவங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் நமக்கு முக்கியம். சைக்கிள் சட்டம் உடலாகவும், முன்சக்கரக் கவை கால்களாகவும், இருக்கை தலையாகவும் ஆன விலங்குகள் அங்கே உண்டு. அந்த எலும்புக்கூட்டின் மேல் சிமெண்ட் தோல். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே பதித்த வளையல் துண்டுகள் சேலையாகவும் சட்டையாகவும் ஆகியிருக்கின்றன. படங்களைப் பெரிதாக அச்செடுத்து வகுப்பில் ஒட்டினேன். "இது எங்க வீட்லயே இருக்குதே" என்றான் ஒருவன். அந்தப் பேச்சு போதும், வேலை தொடங்க.

சேர்த்ததும் ஒதுக்கியதும்

காயல் ஓரத்தில் இருக்கும் எங்களுக்குக் காயலான் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிள்ளைகளைக் கடைக்குள் விடவில்லை. நானும் ஓவிய ஆசிரியரும் போய் எடைக்கு வாங்கிவந்தோம். பழைய சைக்கிள் ஹேண்டில்பார், மட்கார்டு, போக்ஸ் கம்பி, செயின், உடைந்த குறடு, ஓட்டை விழுந்த இரும்புச் சட்டி. வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் சிலவற்றைக் கொண்டுவந்தார்கள்.

இங்கே எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அப்பா மூன்று சக்கர வண்டியில் பழைய இரும்பு வாங்குபவர். அதை வைத்தே மற்ற பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத விருப்பமில்லை. குவியலைத் தரையில் கொட்டியதும் அவன் பையிலிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்தான். ஒட்டியது இரும்பு. ஒட்டாததைத் தட்டிப் பார்த்தான். கணீர் என்றால் பித்தளை, 'டப்' என்றால் அலுமினியம். எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் சில எவர்சில்வர் ஒட்டும், அதற்கு விலை குறைவு என்றான். நான் வேதியியல் படித்தவள், இந்தக் கடைசிச் செய்தி எனக்குப் புதிது. அன்றிலிருந்து உலோகம் பிரிக்கும் வேலைக்கு அவன்தான் தலைவன். பட்டப்பெயர் உடனே போய்விட்டது என்று சொன்னால் பொய். குறைந்தது.

எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை ஒதுக்குவது என்பதில்தான் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரி, டியூப்லைட், பழைய டி.வி., கம்ப்யூட்டர் பலகைகள், பூச்சிமருந்து டப்பா ஆகியவை பள்ளி வாசலையே தாண்டக் கூடாது. வயரிலிருந்து செம்பு எடுக்க ஆசைப்பட்டால் உரித்து எடுக்கலாம். எரிக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

மீனவ ஊர்ப் பள்ளிகளுக்கென்று தனியாக ஒன்று உண்டு: ஈயக்குண்டு. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் குண்டுகளை ஒரு பையன் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான், பறவைக்குக் கண் வைக்கலாமாம். பார்க்க அழகுதான். நகத்தால் கீறலாம், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போல எழுதும். அந்த மென்மையே ஆபத்து. கையில் ஒட்டுகிறது, கை வாய்க்குப் போகிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலோர ஊர்களில் பழைய ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கிக் குண்டு வார்ப்பதுண்டு. அதே அடுப்பில் சோறும் வேகும். அந்த மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சிற்பத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினோம், ஈயத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினோம்.

பழைய பெயிண்டும் இதே கதைதான். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி ஆகியவற்றின் மேல் உள்ள பெயிண்டைப் பிள்ளைகள் சுரண்டக் கூடாது. பெயிண்ட் உரிந்து வரும் பொருளை வாங்காமல் விடுவதே நல்லது.

கட்டுமரம் சொல்லித் தந்தது

ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்ததுமே அது பூநாரையின் கழுத்தாகிவிட்டது. 1942-ல் பிக்காசோ ஒரு சைக்கிள் இருக்கையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். இதற்கு வேண்டியது கைத்திறமையைவிடக் கண். பொருளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி 'இது எதன் எந்த உறுப்பு?' என்று கேட்கும் விளையாட்டை ஒரு பாடவேளை முழுக்க நடத்துங்கள். வரையத் தெரியாது என்று ஒதுங்கும் பிள்ளைகள்தாம் இதில் முன்னால் வருவார்கள்.

கூடவே பறவையையும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பூநாரையின் கால் பின்னோக்கி மடங்குகிறதே, அது முட்டியல்ல, கணுக்கால். அலகு நடுவில் கீழ்நோக்கி வளைந்திருப்பது, தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்பதற்காக. இளஞ்சிவப்பு நிறம் அது தின்னும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறமிகளால் வருகிறது. உடைந்த குறட்டைக் கவிழ்த்து அலகாக வைத்தது இதையெல்லாம் பேசிய பிறகுதான்.

அடுத்த கேள்வி, எப்படி இணைப்பது? வெல்டிங் பட்டறை ஊரில் இருக்கிறது. ஆனால் வெல்டிங் பிள்ளைகள் செய்யும் வேலை இல்லை, அருகில் நின்று பார்க்கும் வேலையும் இல்லை. அந்த ஒளி கண்ணைப் பாதிக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைப் பற்றவைத்தால் எழும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். முழுக்க முழுக்கப் பட்டறைக்காரரே செய்துவிட்டால் அது பிள்ளைகளின் பறவையாகவும் இருக்காது.

ஒரு மாணவியின் தாத்தா, கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர், பள்ளி வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாத்துக்கு டீச்சரம்மா வெல்டிங்கு? கட்டினா போதாதா?" என்றார். கட்டுமரத்துக்கு அந்தப் பெயர் வந்ததே கட்டுவதால்தான் என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆங்கிலம் உட்பட உலக மொழிகள் கடன் வாங்கிய சொல் அது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஏன் கட்டினார்கள் என்று யோசித்ததில்லை. அவர் சொன்னார்: "ஆணி அடிச்சா அலை புடுங்கிடும். கட்டினா அலையோட சேர்ந்து அசையும்." சோழமண்டலக் கரையில் பேரலைகளைத் தாண்டிப் போன மசூலாப் படகுகளும் இப்படித்தான், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. அசைந்து கொடுத்ததால் உடையாமல் நின்றன. இரும்பாணி இல்லாததால் உப்புக்குத் தின்ன ஒன்றுமில்லை.

வேறொரு கண்டத்திலும் ஒருவர் கட்டித்தான் சாதித்தார். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன சைமன் ரோடியா என்ற தொழிலாளி, லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் பகுதியில் தன் வீட்டு மனையில் 1921 முதல் 1954 வரை தனியாளாகக் கோபுரங்கள் எழுப்பினார். மொத்தம் 17 அமைப்புகள், உயரமான கோபுரம் ஏறக்குறைய 30 மீட்டர். வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை. இரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து, கம்பியாலும் வலையாலும் சுற்றிக் கட்டி, மேலே சிமெண்ட் பூசி, உடைந்த பாட்டிலும் பீங்கானும் சிப்பியும் பதித்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிற்பாடு நகர நிர்வாகம், இது விழுந்துவிடும், இடிக்க வேண்டும் என்றது. 1959-ல் சோதனை வைத்தார்கள். ஏறக்குறைய 4,500 கிலோ விசையால் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த கிரேன்தான் திணறியது. எங்கள் தாத்தாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

ஆக, கட்டுவது என்று முடிவாயிற்று. 2023 பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் பறவை நின்றது. போக்ஸ் கம்பிகளைக் கற்றையாகச் சேர்த்துக் கால்கள். பழைய வயரிங்கில் உரித்தெடுத்த செம்புக்கம்பியால் கட்டு. செம்பு மென்மையானது, பிள்ளைகளின் விரலுக்கு வளைந்து கொடுத்தது. இரும்பின் மேல் செம்பு பளபளவென்று நகை போட்டதுபோல் இருந்தது. எல்லோருக்கும் பெருமை. என் தவறு இங்கேதான்.

முறிந்த கால் நடத்திய பாடம்

புயலுக்குப் பிறகு விழுந்த பறவையைப் பார்த்தோம் இல்லையா? கம்பிகள் முறிந்திருந்தது சரியாகச் செம்பு சுற்றிய இடங்களில். மற்ற இடங்களில் மேலோட்டமான துருதான். செம்புக்கட்டின் அடியில் போக்ஸ் கம்பி கரும்புச் சக்கைபோல் ஆகியிருந்தது.

பத்தாம் வகுப்பில் உலோக அரிமானம் நடத்துகிறோம். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும், உப்பு இருந்தால் வேகம் கூடும் என்று சொல்லித் தருகிறோம். இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அதுவே ஒரு சிறு மின்கலம் என்பதையும் நானே கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. கரும்பலகையில் தெரிந்தது தோட்டத்தில் ஏன் தெரியாமல் போனது என்று இன்றுவரை எனக்கு வெட்கம்தான்.

பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. நான்கு ஜாம் பாட்டில்கள் எடுத்தோம். உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்த ஒரே மாதிரி இரும்பாணிகள் நான்கு. முதல் பாட்டிலில் குடிநீர், மற்ற மூன்றிலும் ஏரி நீர். இரண்டாவதில் வெறும் ஆணி. மூன்றாவதில் செம்புக்கம்பி சுற்றிய ஆணி. நான்காவதில் ஜி.ஐ. கம்பி சுற்றிய ஆணி. ஒரு வாரம் ஜன்னலோரம் வைத்துத் தினமும் குறிப்பெழுதச் சொன்னேன். செம்பு சுற்றிய ஆணிதான் மிக மோசமாகத் துருப்பிடித்து நீரையே செம்மண் குழம்பாக்கியது. ஜி.ஐ. சுற்றியதில் வெள்ளையாக ஏதோ படிந்தது, ஆணி ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஜி.ஐ. கம்பியின் மேல் இருப்பது துத்தநாகம். அது இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரானை இழக்கும், தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

"எங்கப்பா போட் என்ஜின்ல ஒரு கட்டி இருக்கும், அது கரைஞ்சா மாத்துவாரு, அதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அதேதான். என்ஜினின் அடிப்பகுதியில் திருகியிருக்கும் அந்தச் சாம்பல்நிறக் கட்டியின் வேலையே கரைவதுதான். கடலோரப் பள்ளிகளில் இந்தப் பாடத்தை அந்தக் கட்டியிலிருந்து தொடங்கினால் புத்தகத்துக்குப் பிறகு வரலாம். மலையோரப் பள்ளியில் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது பறவையை 2024-ல் செய்தோம். கால்களுக்கு 12 மி.மீ. முறுக்குக் கம்பி இரண்டு. எல்லா இரும்பையும் முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கினோம். காய்ந்ததும் இரும்பு பிரஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்தெடுத்து, அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்தோம். இரண்டு நாள் விட்டால் எங்கள் ஊர்க் காற்றில் மறுபடி செம்பூச்சு வந்துவிடும். பிரைமர் காய்ந்த பிறகு, கட்டும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றி, அதன்மேல் ஜி.ஐ. கம்பியால் கட்டினோம். முடிச்சு தாத்தா சொல்லித் தந்தது. கட்டி முடித்த பிறகு எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சு. முடிச்சுக்குள் நீர் தங்காமல் அங்கே கொஞ்சம் கூடுதலாக.

அடித்தளத்தில் இன்னொரு எச்சரிக்கை. கால்களைச் சிமெண்ட் கலவையில் ஊன்றும்போது ஏரி மணலையோ உப்பு நீரையோ சேர்க்கவே கூடாது. நல்ல சிமெண்டுக்குள் இருக்கும் இரும்பு லேசில் துருப்பிடிக்காது, சிமெண்டின் காரத்தன்மை அதைக் காக்கும். உப்பு கலந்தால் அந்தக் காவல் போய்விடும். துருப்பிடித்து ஊதும் இரும்பு சிமெண்டை உள்ளிருந்து பிளக்கும். கடல் மணலில் கட்டிய வீடுகளின் கூரை பெயர்ந்து விழுவதை எங்கள் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள், எனவே விளக்கவே தேவைப்படவில்லை.

அந்த ஆண்டு பிள்ளைகளைச் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு அழைத்துப் போனோம். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய இடம். செம்புத் தகட்டை அடித்து உருவம் கொண்டுவந்த பி.வி. ஜானகிராம், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துச் சிற்பம் செய்த எஸ். நந்தகோபால் இருவரும் அந்த வட்டத்துக் கலைஞர்கள். அங்கும் கடற்காற்றுதான். எங்கள் பிள்ளைகள் சிற்பங்களின் அழகைப் பார்த்தார்களோ இல்லையோ, ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து துரு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பாட்டிலா, வளையலா?

கண்ணாடிக்கு நான் முதலில் நினைத்தது பாட்டில்கள். பச்சை, பழுப்பு, எப்போதாவது நீலம். கரையோரம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை நானே பொறுக்கி, லேபிளை ஊறவைத்து எடுத்து, கழுவிக் காயவைத்திருந்தேன். திங்கட்கிழமை மகளை விட வந்த ஒரு தாய் அந்த வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்க வீட்ல இருக்கிறவரு காலி பண்ணத நீங்க அலங்காரமா வெச்சீங்கன்னா, அதப் பாத்துக்கினே என் பொண்ணு கிளாசுக்குப் போவணுமா டீச்சர்?"

கழுவிவிட்டேனே, லேபிள் இல்லையே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்தப் பாட்டிலின் வடிவம் என்னவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும். குப்பையைக் கலையாக்குவது என்று நாம் எளிதாகப் பேசுகிறோம். எல்லாக் குப்பையும் எல்லோருக்கும் ஒரே பொருள் இல்லை. அன்று மாலையே பாட்டில்கள் எடைக்குப் போயின. மறுநாள் அதே தாய் ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே உடைந்த வளையல்கள், சில முழு வளையல்களும். தெருத்தெருவாய் வரும் வளையல்காரரிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கியிருக்கிறார். பூநாரையின் சிறகுக்கு வேண்டிய சிவப்பும் ரோஜா நிறமும் பாட்டிலில் கிடைக்கவே கிடைக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடிக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு நல்ல வகுப்பு. ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை விளிம்புப் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள், பச்சையாகத் தெரியும். மணலில் கலந்திருக்கும் சிறிதளவு இரும்பின் வேலை அது. பச்சைப் பாட்டில்களிலும் இரும்பு உண்டு. துளி கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம். மாங்கனீஸ் ஊதா தரும். சிவப்புதான் கடினம், செலினியமோ தங்கமோ செம்போ வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிறு கண்ணாடி மணிகள் செய்தார்கள். அவற்றில் ஒளி ஊடுருவாத சிவப்பு மணிகளுக்கு நிறம் கொடுத்தது செம்பு. எங்கள் பறவையின் காலை முறித்த அதே உலோகம்!

பதிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடலுக்கு மட்கார்டு எலும்பு, அதன்மேல் கோழிவலை, அதன்மேல் சிமெண்ட். கடைசிப் பூச்சு வெள்ளைச் சிமெண்டாக இருக்கட்டும். சாம்பல் சிமெண்டில் பதித்த வளையல் துண்டு கறுத்துத் தெரியும். வெள்ளையில் பதித்தால் அதே துண்டு உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் இருக்கும், உள்ளே போன ஒளி வெள்ளையில் பட்டுத் திரும்புவதால். சிமெண்ட் தோலை அரிக்கும், எனவே ரப்பர் கையுறை கட்டாயம். கண்ணாடியை உடைக்கும் வேலை ஆசிரியருடையது மட்டுமே. பழைய சாக்கில் சுற்றி, கண்ணாடி அணிந்து, தட்டி உடைக்கலாம். கூர்முனைகளை வாட்டர் பேப்பரில் தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சிற்பம் முழுக்கத் தடவிப் பாருங்கள். உங்கள் கைக்கு உறுத்தும் இடம் முதல் வகுப்புப் பிள்ளையின் கையைக் கிழிக்கும்.

முழு வளையல்களைப் பதிக்கவில்லை. இரும்புச் சட்டகத்தில் ஒவ்வொன்றாகத் தங்கூசி நரம்பால் கட்டிச் சிறகாக்கினோம். நுனிகளை ஒட்ட வெட்டிவிட்டோம், குருவிகளின் காலில் சிக்கக் கூடாது என்று. இரும்போடு இறுக்கிப் பொருத்தாமல் கொஞ்சம் இடைவெளி விட்டோம். காரணம் கணக்கில் இருக்கிறது. வெப்பநிலை 30 டிகிரி கூடினால் ஒரு மீட்டர் இரும்பு 0.36 மி.மீ. நீளும், சாதாரணக் கண்ணாடி 0.27 மி.மீ. மட்டும் நீளும், அலுமினியமோ 0.7 மி.மீ. வரை. அசைய இடம் இல்லாத கண்ணாடி, கல் எறியாமலே ஒருநாள் விரிசல் விடும். கட்டுமரத்துத் தாத்தா சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

பாட்டில்களால் செய்யும் பள்ளிகள் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். உருண்டைப் பாட்டிலில் மழைநீர் நிரம்பினால் அது ஒரு குவிலென்ஸ். வெயில் அதன் வழியே காய்ந்த ஓலையில் குவிந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. பனையோலை முடையும் வீடுகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பாட்டிலைத் தலைகீழாக வைத்துவிடுங்கள்.

இரண்டாவது பறவை நின்று இப்போது ஒரு மழைக்காலம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டு பேர் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி அதைக் கழுவுகிறார்கள், கடலுக்குப் போய் வந்த என்ஜினை அப்பாக்கள் கழுவுவதுபோல. காலையில் கிழக்கு வெயில் சிறகின் வழியே வரும்போது ஆறாம் வகுப்பு வராந்தாவில் சிவப்பு வட்டங்கள் விழும். அந்தத் தாயின் மகள் அந்த வட்டங்களின் மேல் மட்டும் கால் வைத்துத் தாண்டித் தாண்டி வகுப்புக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் அலகின் மடிப்பில், குறட்டின் திருகு இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணய அளவில் துரு தெரிந்தது. கண்டுபிடித்தவன் காந்தக்காரன்தான். உப்புத்தாளும் பிரைமரும் யார் எடுத்து வருவது என்று ஏழாம் வகுப்பில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.